ஆன்லைனில் பழைய பைக்: பத்து வருடத்தில் நான் பட்டதும் பார்த்ததும்

2015-லிருந்து நான்கு பழைய பைக் வாங்கி, மூன்றை விற்றிருக்கிறேன். எல்லாமே ஆன்லைன் விளம்பரம் பார்த்துத்தான். கோவையில் ஆட்டோ கன்சல்டிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே போகிற கமிஷனை மிச்சம் பிடிக்கலாம் என்று கிளம்பியவன் நான். அப்படி மிச்சம் பிடிக்கப் போய் ஒரு தடவை 3,150 ரூபாயை விட்டிருக்கிறேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2018-ல் ஒரு விளம்பரம். ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350, 2016 மாடல், சிங்கிள் ஓனர், விலை 45,000. அன்றைக்கு அந்த வண்டி அதைப் போல இரண்டு மடங்கு கொடுத்தாலும் கிடைக்காது. சந்தேகம் வராமல் இல்லை. வந்த சந்தேகத்தை ஆசை அமுக்கிவிட்டது. எதிரில் பேசியவன் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னான். ஜம்முவுக்கு மாற்றல் ஆகிவிட்டதாம், வண்டி சென்னை ஏர்போர்ட் பார்க்கிங்கில் நிற்கிறதாம். அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆர்.சி. என்று வரிசையாகப் படங்கள் வந்தன. "பைக் உங்க வீட்டுக்கு வந்தப்புறம் காசு குடுங்க சார், கேட் பாஸுக்கு மட்டும் இப்ப 3,150 போடுங்க" என்றான். அந்த முதல் பாதியில்தான் நான் விழுந்தேன். போட்டுவிட்டேன்.

மறுநாள் சாக்கு சுற்றிய பைக்கின் படம் வந்தது, கூடவே 8,200 ரூபாய் டெபாசிட் கட்டச் சொல்லி ஒரு மெசேஜ். திரும்பக் கிடைத்துவிடும் பணம்தானாம். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "பைக்கு வந்தாக் காசுன்னான், இப்பக் காசு வந்தாத்தான் பைக்குங்கறானா?" அத்தோடு போனை வைத்தேன்.

அந்த அடையாள அட்டை யாரோ ஒரு நிஜ ராணுவ வீரருடையதாக இருக்கலாம். ஆர்.சி.யும் எங்கோ வண்டி விற்க நினைத்த ஒரு அப்பாவி, வாங்க வந்ததாக நடித்தவனுக்கு அனுப்பிய படமாக இருக்கலாம். அதிலிருந்து நான் விற்கும்போது ஆர்.சி. படத்தை அப்படியே அனுப்புவதில்லை. பெயர், முகவரி, சேஸிஸ் நம்பரை விரலால் மறைத்துத்தான் எடுப்பேன். முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வரட்டும்.

போன பணத்துக்கு நான் புகார் கொடுக்கவில்லை, வெட்கம். அது தப்பு. 2023-ல் கம்பெனியில் என்னோடு வேலை பார்ப்பவர் இதே பாணியில் 18,000 இழந்தார். அரை மணி நேரத்துக்குள் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்துச் சொன்னதால் ஏமாற்றியவன் கணக்கில் கொஞ்சம் பணத்தை முடக்க முடிந்தது. கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது, ஆனாலும் வந்தது.

விற்கப் போனால் வேறு கதை. 2021-ல் பல்சரை விளம்பரத்தில் போட்ட பத்தாவது நிமிடம் ஒருவர் கூப்பிட்டார். டயர் எப்படி, மைலேஜ் என்ன, எத்தனாவது ஓனர், ஒன்றும் கேட்கவில்லை. விலையையும் குறைக்கவில்லை. நம் ஊரில் ஐந்நூறு ரூபாய்க்காக அரை மணி நேரம் பேசாமல் பைக் வாங்குகிற ஆளை நான் பார்த்ததில்லை. அட்வான்ஸ் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் கோடு அனுப்பினார். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வருமாம். யுபிஐயில் பின் நம்பர் கேட்டாலே பணம் நம்மிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். வருகிற பணத்துக்கு எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின்னும் வேண்டாம். இதைச் சொன்னதும் ஆள் என்னைத் திட்டிவிட்டு வைத்துவிட்டார்!

இன்னொருவர் "தவறிப்போய் 20,000 அதிகமா போட்டுட்டேங்க, திருப்பி விடுங்க" என்றார். எஸ்.எம்.எஸ். கூட வந்திருந்தது. சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து. வங்கி ஆப்பைத் திறந்து பார்த்தால் கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை.

டெஸ்ட் டிரைவ் விஷயத்தில் நான் கொஞ்சம் முரடு. ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடமானமாக விட்டுப் போகிற வண்டியே திருட்டு வண்டியாக இருக்கலாம். அதனால் யார் ஓட்டினாலும் பின்சீட்டில் நான் உட்காருவேன். 2024-ல் யூனிகார்னை ஓட்டிப் பார்க்க வந்த ஒரு பையன் சிங்காநல்லூர் சிக்னலில் என்னைக் கீழே தள்ளப் பார்த்தான். திருடனில்லை, ஓட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வாங்கும்போது முதல் வேலையாக வண்டி நம்பரை அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பார்த்துவிடுவேன். பதிவான தேதி, இன்ஷூரன்ஸ், வண்டி மேல் கடன் பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். அப்புறம் நேரில் போய் ஃபிரேமில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுவேன். தேய்த்து அடித்த மாதிரி இருந்தால் மெக்கானிக் அண்ணனே கண் காட்டிவிடுவார். சில பொய்கள் விளம்பரத்திலேயே தெரிந்துவிடும். "1999 மாடல் ஆர்எக்ஸ் 100" என்று ஒருவர் போட்டிருந்தார். அந்த வண்டி தயாரிப்பு 1996-லேயே நின்றுபோனது. அதேபோல 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டி என்றால் அந்த உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடுதான் வந்திருக்கும். சாதா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

"டியூ எல்லாம் முடிஞ்சிருச்சுங்க, என்ஓசிதான் எங்கயோ வச்சுட்டேன்" என்று சொல்கிறவரிடம், கடன் தீர்ந்ததற்குக் கடன் கொடுத்தவர்கள் தருகிற அந்தச் சான்றைத் தேடி எடுத்து, ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவை (ஹெச்.பி.) கேன்சல் பண்ணிவிட்டுக் கூப்பிடச் சொல்லிவிடுவேன். இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் கூப்பிடவில்லை.

இவ்வளவையும் விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது நான் நேர்மையாக விற்ற முதல் வண்டிதான். 2017-ல் ஸ்பிளெண்டரை ஒருவருக்குக் கொடுத்தேன். பேர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோனேன். 2023-ல் ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என் செல்லுக்கு வந்தது. அவர் பேர் மாற்றவேயில்லை. ஆயிரம் போகட்டும். விற்ற பிறகும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன்குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆறு வருடம் அந்த வண்டி எங்கெங்கே ஓடியதோ! வாங்கியவரைத் தேடிப் பிடித்துப் பேர் மாற்ற வைக்க இரண்டு மாதம் அலைந்தேன்.

இப்போது ஓட்டுகிற ஷைனை இருகூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் வாங்கினேன். சர்வீஸ் பில்லையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். இரண்டாயிரம் குறைக்கச் சொன்னேன், ஐந்நூறு குறைத்தார். பணத்தை எண்ணி வைத்துவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினால், "நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அப்ளிகேஷன் குடுத்து ரசீது வாங்குனப்புறந்தான் சாவிங்க தம்பி. ஏற்கெனவே ஒருக்கா பட்டுட்டேன்" என்றார். சரி என்று டீ குடித்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன்.