பெரிய எண்களோடு விளையாடப் பைத்தான்: ஐந்துக்கு நாலரை

பெரிய முழு எண்களைப் புரட்டிப் பார்க்க நான் வைத்திருக்கும் கருவி பைத்தான் என்ற நிரல் மொழி. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. திறந்து, கணக்கைத் தட்டி, என்டர் அழுத்தினால் போதும். காசும் கிடையாது. 111111111-ஐ அதே எண்ணால் பெருக்கினால், பல கால்குலேட்டர்கள் வால் இலக்கங்களை விழுங்கிவிட்டுப் பத்தின் அடுக்காகக் காட்டும். இது 12345678987654321 என்று முழுசாகத் தருகிறது. ஏறி இறங்கும் அந்த வரிசையைப் பார்க்கத்தானே பெருக்கினோம்!

அடுத்து, 2-இன் 67-ஆம் அடுக்கில் 1 கழித்தேன்: 147573952589676412927. இதைப் பகா எண் என்று 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி பட்டியலிட்டிருந்தார். அது தவறு என்று 1876-இல் கணித அறிஞர் லூக்கா நிறுவினார். ஆனால் காரணிகள் சிக்கவில்லை. 1903-இல்தான் அமெரிக்கக் கணித அறிஞர் கோல் அவற்றைக் காட்டினார்: 193707721, 761838257287. பெருக்கிப் பார்த்தேன், கடைசி 7 வரை அச்சு அசல்.

காரணி தெரியாமலே இந்த எண் பகா எண் இல்லை என்று கண்டுபிடிக்க முடியுமா? அங்கேதான் ‘பவ்’ (pow) கட்டளை அசத்துகிறது. மூன்று எண்களைக் கொடுத்தால் முதலாவதை இரண்டாவது அடுக்குக்கு உயர்த்தி, மூன்றாவதால் வகுத்த மீதியைச் சொல்லும், அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். கணித அறிஞர் ஃபெர்மா சொன்னபடி, நம் எண் பகா எண்ணாக இருந்தால் 2-ஐ அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி அதனாலேயே வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 1 வருகிறது! ஆனால் நம்பாதீர்கள். 67 பகா எண் என்பதால், இந்த வகை எண்ணுக்கு 2 எப்போதும் 1 என்றுதான் சொல்லும். 2-க்குப் பதில் 3 போட்டால் மீதி 1 இல்லை. சரி, பகு எண்தான்.

குறை என்றால் வகுத்தல். ஒற்றைச் சாய்கோடு போட்டு 9007199254740993-ஐ 1-ஆல் வகுத்தால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடுகிறது. விடையைத் தசம எண்ணாக மாற்றுவதால் வரும் வினை. 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டினால் எல்லா முழு எண்களும் அதில் அடங்காது. இரட்டைச் சாய்கோடு போட்டால் தப்பலாம். அரை மதிப்பெண் போனது இதற்காகத்தான்.

அப்புறம், புதிய பதிப்புகள் 4300 இலக்கத்துக்கு மேல் அச்சிட மறுக்கும். 2-இன் 20000-ஆம் அடுக்குக்கு 6021 இலக்கம். கணக்கை முடித்துவிடும், காட்டாது. பாதுகாப்புக்கு வைத்த வரம்பு அது, ஒரே கட்டளையில் நீக்கிவிடலாம். காரணி பிரிக்க மட்டும் சிம்பை (SymPy) என்ற கணிதக் கட்டளைத் தொகுப்பைத் தனியாக நிறுவிக்கொள்ளுங்கள்.