பிடிஓவுடன் எட்டு ஆண்டுகள்: ஓர் உறுப்பினர் படிவத்தின் கதை

எங்கள் ஊர் வாசகர் மன்றத்துக்கான உறுப்பினர் படிவத்தை 2014-இல் எழுதினேன். முகவரி, கைபேசி எண், வயது, சந்தா தேதி ஆகியவற்றில் மாறியதைத் திருத்திப் பொத்தானை அழுத்தினால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பதிவாகும். அவ்வளவுதான். அப்போது பயன்படுத்தியது, வலைத்தளங்களுக்கான நிரல்மொழியான பிஎச்பியின் பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகளை. பிஎச்பி 5.5 வந்தபோதே அவற்றைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள், நான் கண்டுகொள்ளவில்லை. 2015 கடைசியில் வந்த பிஎச்பி 7 அவற்றை அடியோடு நீக்கியது. 2017-இல் ஹோஸ்டிங் நிறுவனம் புதிய பதிப்புக்கு மாறிய அன்று, படிவம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைப் பக்கம். அந்த வாரமே எல்லாவற்றையும் பிடிஓவுக்கு, அதாவது பிஎச்பியிலிருந்து தரவுத்தளத்தோடு பேசும் இன்னொரு வழிக்கு, மாற்றினேன்.

முதல் பலன் உடனே தெரிந்தது. எங்களுடையது கடற்கரை ஊர். டிசோசா என்ற குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் முதலெழுத்தை அடுத்து ஒற்றை மேற்கோள் குறி வரும். பழைய நிரலில் அந்தக் குறி, தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையான வினவலை நடுவிலேயே குலைத்துவிடும். 1064 என்ற பிழை எண் வரும். அந்தக் குடும்பத்தினரைக் குறி இல்லாமல் பெயர் எழுதச் சொல்லி அனுப்பினோம் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. பிடிஓ தரும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டில் வினவலை முன்கூட்டியே எழுதிவைத்து, மதிப்பைத் தனியே தருவதால் பெயரில் எந்தக் குறி இருந்தாலும் சிக்கல் இல்லை. படிவம் வழியாக வினவலைத் திரிக்கும் விஷமமும் அதோடு அடைபட்டது.

ஆனால் பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. சில மாதங்கள் கழித்துத் தரவுத்தளத்தையும் மைஎஸ்கியூஎல் 5.7-க்கு உயர்த்தினார்கள். மூன்று வாரம் சென்று மன்ற எழுத்தர் கேட்டார்: “சார், போன வாரம் மாற்றிய முகவரி எல்லாம் பழையபடியே இருக்கிறதே?” நான் சோதித்தபோது ஒவ்வொரு முறையும் “பதிவாகிவிட்டது” என்றே படிவம் சொன்னது. எனக்கு ஒரு மாலை முழுவதும் பிடிபடவில்லை.

காரணம் இரண்டு. முகவரிப் புலத்தின் அளவு 60 எழுத்துக்குறிகள். ‘தூத்துக்குடி’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினியின் எழுத்துக் குறியீடான யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்பட்டுப் பன்னிரண்டு. ஆக, அறுபது என்பது தமிழுக்கு ஏறக்குறைய முப்பதுதான். பழைய சர்வர் மிஞ்சியதை வெட்டிவிட்டுச் சேமித்தது. ‘தூத்துக்குட’ என்று முடிந்த முகவரிகளைத் தட்டச்சுப் பிழை என்றே நினைத்திருந்தோம். 5.7-இல் கண்டிப்பு முறை இயல்பாகவே இயங்கும். வெட்டாமல் மறுத்துவிடும். வயதைக் காலியாக விட்டாலும் அப்படியே: வெற்றுச் சொல்லை எண் புலம் ஏற்காது.

இரண்டாவது காரணம் நான். பிஎச்பி 8 வரும்வரை பிடிஓவின் இயல்பு நிலை மௌனம். வினவல் தோற்றால் பொய் என்ற மதிப்பைத் திருப்பித் தரும், வேறு எதுவும் சொல்லாது. நான் அந்த மதிப்பைப் பார்க்காமலேயே வெற்றிச் செய்தியை அச்சிட்டிருந்தேன். வினவல் தோற்றால் உடனே பிழையை எழுப்பும்படி, பிழை முறையை ‘எக்செப்ஷன்’ என்று மாற்ற ஒரே வரிதான். மாற்றிய மறுநாள் பிழைப் பதிவேட்டில் 1406 (அளவு மிஞ்சியது), 1366 (எண் புலத்துக்குப் பொருந்தாத மதிப்பு) என்று வரிசையாக நின்றன. அவ்வளவு பிழைகளைப் பார்த்து மகிழ்ந்தது அந்த ஒரு நாள்தான்.

அதன்பின் எல்லை மீறி எச்சரிக்கையானேன். எத்தனை வரிசைகள் மாறின என்று கேட்டு, சுழியம் வந்தால் “தோல்வி” என்று காட்டினேன். எதையும் மாற்றாமல் பொத்தானை அழுத்தியவர்களுக்கும் தோல்வி! புதிய மதிப்பும் பழைய மதிப்பும் ஒன்றானால் மைஎஸ்கியூஎல் அதை மாற்றமாகக் கணக்கிடாது. ஒரு பெரியவர் ஏழு முறை அழுத்திவிட்டுத் தொலைபேசியில் என்னைப் பிடித்தார். பிடிஓ இணைப்பில் ‘ஃபவுண்ட் ரோஸ்’ விருப்பத்தைச் சேர்த்தால், பொருந்திய வரிசைகளின் எண்ணிக்கை கிடைக்கும். அதில் சுழியம் வந்தால் மட்டுமே அந்த உறுப்பினர் எண் இல்லை என்று பொருள்.

குறை சொல்லாமல் விடக்கூடாது. எச்ஒய்093 என்றொரு பிழை உண்டு: வினவலில் மதிப்பு வந்து அமரும் இடத்தைக் காட்டும் இடக்குறிகளும் நாம் தரும் மதிப்புகளும் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லும், எந்தப் பெயரில் பிசகு என்று சொல்லாது. பதினொரு புலங்களில் ஓர் எழுத்துப் பிழையைத் தேடுவது அரிசியில் கல் பொறுக்கும் வேலை. அட்டவணைப் பெயரையும் புலப் பெயரையும் இடக்குறியாகத் தரவும் முடியாது.

முகவரிப் புலத்தை இப்போது 250 ஆக்கியிருக்கிறேன். வயதைக் கேட்பதை நிறுத்திவிட்டுப் பிறந்த ஆண்டைக் கேட்கிறேன். காலியாக விட்டால், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’ என்று சேமிக்கிறது. பழைய ‘தூத்துக்குட’ முகவரிகளில் நான்கு இன்னும் திருத்தப்படாமல் கிடக்கின்றன. எழுத்தர் நேரில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.