தொலைந்ததைத் தேடித்தரும் டேக்குகள்: கண்டெடுத்தவர் பக்கம் நின்று ஒரு மதிப்பீடு

சாவியிலோ பையிலோ மாட்டிவிட்டால் அது இருக்குமிடத்தை போனில் காட்டும் சின்னக் கருவிதான் டேக். ஆப்பிளின் ஏர்டேக், சாம்சங்கின் ஸ்மார்ட்டேக், டைல் என எதைப் பற்றிய மதிப்பீட்டைப் படித்தாலும் பொருளைத் தொலைத்தவரின் கவலைதான் அதில் இருக்கும். சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறது, மேப்பில் புள்ளி சரியாக விழுகிறதா, பேட்டரி எத்தனை மாதம் தாங்கும் என்பார்கள். சாவிக்கொத்து சோபா இடுக்கில் கிடந்தால் அதெல்லாம் சரி. தெருவில் விழுந்துவிட்டால் அது இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது. குனிந்து எடுத்தவர் 'யாருடையது இது?' என்று புரட்டிப் பார்க்கும் அந்த இரண்டு நிமிடத்தில் டேக் அவருக்கு என்ன உதவி செய்கிறது? இங்கே பார்க்கப்போவது அதை மட்டும்தான்.

கிடைத்ததை ஜனங்கள் அமுக்கிக்கொள்வார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,303 பர்ஸ்களை 'கீழே கிடந்தது' என்று சொல்லி வரவேற்பு மேசைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். பணமே இல்லாத பர்ஸ்களில் 40 சதவீதத்துக்கும், சிறு தொகை இருந்தவற்றில் 51 சதவீதத்துக்கும் உரியவருக்குத் தகவல் வந்தது. மூன்று நாடுகளில் தொகையைப் பல மடங்கு கூட்டியபோது அது 72 சதவீதமானது. சாவி இல்லாத பர்ஸைவிட சாவி இருந்த பர்ஸுக்குத் தகவல் அதிகம் வந்தது. சாவி எடுத்தவருக்கு எதற்கும் உதவாது, தொலைத்தவருக்கு அது இல்லாமல் முடியாது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவை கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் பர்ஸ்கள். பெயரும் மின்னஞ்சலும் திறக்காமலே தெரிந்தன. அப்படியிருந்தும் பணமில்லாதவற்றில் பாதிக்கு மேல் தகவலே வரவில்லை. முகவரியைத் தேடித் துழாவ வேண்டியிருந்தால் எத்தனை பேர் மெனக்கெடுவார்கள்?

2021இல் வந்த முதல் ஏர்டேக் இங்கேதான் சறுக்குகிறது. 31.9 மில்லிமீட்டர் விட்டம், 11 கிராம் எடை, ஒரு பக்கம் வெள்ளை பிளாஸ்டிக், மறுபக்கம் பளபளக்கும் எஃகு. பார்த்தால் சட்டைப் பொத்தான்தான். இதை போனில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அதன் மேல் எங்கும் எழுதவில்லை. தெரிந்தவர் வெள்ளைப் பக்கத்தில் போனைக் காட்டுவார். ஐபோனில் மேல் விளிம்பு, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் முதுகின் நடுப்பகுதி. என்எஃப்சி (தொட்டவுடன் தகவலைப் படிக்கும் குறுந்தூர ரேடியோ) வசதி உள்ள எந்த போனும் போதும், ஆப் எதுவும் வேண்டாம், ஒரு இணையப் பக்கம் திறக்கும். ஆண்ட்ராய்டில் என்எஃப்சி அணைந்திருந்தாலோ திரை பூட்டியிருந்தாலோ ஒன்றும் நடக்காது. ஐபோன் 7, 8, எக்ஸ் மூன்றிலும் கன்ட்ரோல் சென்டரில் உள்ள என்எஃப்சி ரீடரைத் தட்டினால்தான் படிக்கும். பர்ஸுக்குள் வங்கி அட்டைகளோடு ஒட்டி இருந்தால் போன் டேக்கை விட்டுவிட்டு அட்டையைப் படிக்கப் பார்க்கும். டேக்கைத் தனியே வெளியே எடுத்துவிட வேண்டும்.

சரி, பக்கம் திறந்துவிட்டது. அதில் என்ன இருக்கும் என்பது தொலைத்தவர் கையில். அவர் தன் போனில் லாஸ்ட் மோடை, அதாவது 'இது தொலைந்துவிட்டது' என்று குறிக்கும் அமைப்பைப் போட்டிருந்தால் அவருடைய செய்தியும் தொடர்பு எண்ணும் வரும். போடாவிட்டால் சீரியல் எண்ணும் தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும்தான். நான்கு இலக்கத்தை வைத்து யாரைக் கூப்பிடுவது? தொலைந்ததே தெரியாமல் ஆள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுத்தவருக்குக் கிடைப்பது இவ்வளவுதான். ஏர்டேக்கின் பெரிய குறை இதுதான் என்பது எங்கள் கருத்து.

அடுத்த சிக்கல் சத்தம். உரியவரைப் பிரிந்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நேரத்தில், அசைக்கும்போது டேக் கீச்சிடும். எடுத்தவர் போனிலோ 'தெரியாத டேக் உங்களுடன் நகர்கிறது' என்ற எச்சரிக்கை வரலாம். ரகசியமாகப் பின்தொடர்பவர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு அது, அவசியமானதும்கூட. ஆனால் நல்லெண்ணத்தோடு பையை எடுத்து வைத்தவருக்கு அது வயிற்றில் புளியைக் கரைக்கும். பேட்டரியைக் கழற்றித் தூர எறிந்துவிட்டால் மேப்பில் புள்ளி அதோடு நின்றுவிடும்.

சாம்சங் ஸ்மார்ட்டேக் 2 வடிவத்தில் மேல். சாவி வளையம் நேராகக் கோர்க்கலாம். ஏர்டேக்குக்குத் துளையே கிடையாது, உறை தனியாக வாங்க வேண்டும். லாஸ்ட் மோட் செய்தியை இதிலும் எந்த என்எஃப்சி போனிலும் படிக்கலாம். பேட்டரி சாதாரண நிலையில் 500 நாள் என்கிறது நிறுவனம். கேலக்ஸி போன் இல்லாதவர் வாங்கிப் பயனில்லை. டேக்கின் அருகே போகும் மற்றவர்களின் போன்கள்தான் அதன் இருப்பிடத்தைத் தெரிவிக்கின்றன; வலையமைப்பு என்பது அதுதான். கூகுள் வலையமைப்பில் இயங்கும் டேக்குகளில் ஒரு சூட்சுமம்: ஆண்ட்ராய்டு போன்களின் இயல்பு அமைப்பு ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களில் மட்டுமே இருப்பிடத்தைத் தெரிவிக்கும். ஒதுக்குப்புறத்தில் விழுந்த பொருளுக்கு அது போதாது.

கண்டெடுத்தவர் பக்கம் பார்த்தால் எங்கள் ஓட்டு டைலுக்கு. வலையமைப்பு ஆப்பிள் அளவுக்குப் பரந்ததல்ல. ஆனாலும் முதுகில் க்யூஆர் கோடு அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் கேமராவை எடுக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, பேட்டரி செத்தாலும் கோடு சாகாது. கீறல் விழுந்தால்தான் வம்பு. டைலின் மேட், ஸ்லிம், ஸ்டிக்கர் வகைகளில் பேட்டரி மாற்ற முடியாது, சுமார் மூன்று வருடத்தில் குப்பைக்குத்தான். புரோ வகையில் சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரியை மாற்றலாம். ஏர்டேக்குக்கும் அதே பேட்டரிதான், ஆனால் குழந்தைகள் விழுங்காதிருக்கக் கசப்புப் பூச்சு பூசியவை சில சமயம் தொடர்பு கிடைக்காமல் வேலை செய்யாது.

எதை வாங்கினாலும் செய்தியை ஒழுங்காக எழுதுங்கள். எண்ணை நாட்டுக் குறியீட்டோடு போடுங்கள். பையில் டேக் வைப்பவர்கள் தங்கள் எண்ணையே கொடுப்பது வழக்கமான பிசகு; பையோடு போனும் போய்விட்டால் அந்த அழைப்பு பைக்குள்ளேயேதான் அடிக்கும். வீட்டில் இன்னொருவர் எண்ணைக் கொடுங்கள். சாவிக்கொத்தில் வீட்டு முகவரி மட்டும் வேண்டவே வேண்டாம்.

கிடைத்த டேக்கை நாமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: ஏர்டேக் உரியவரின் கணக்கோடு பூட்டப்பட்டது. அவர் நீக்கும்வரை வேறு போனில் சேராது. தொடர்பு எண் தெரியாவிட்டால் சீரியல் எண்ணைக் குறித்து, பொருளோடு காவல் நிலையத்தில் கொடுக்கலாம்; முறையான சட்டக் கோரிக்கை வந்தால் கணக்கு விவரத்தைத் தருவோம் என்று ஆப்பிள் சொல்லியிருக்கிறது. பக்கம் திறக்காவிட்டாலும் எஃகு மூடியை அழுத்தி இடஞ்சுழியாகத் திருப்பினால், பேட்டரிக்கு அடியில் அந்த எண் அச்சாகியிருக்கும்.

ஏர்டேக் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதை மாற்ற வேண்டாம். சாவி வளையத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லையைக் கூடவே கோர்த்து, 'கிடைத்தால் கூப்பிடவும்' என்று எழுதி எண்ணைப் போட்டுவிடுங்கள். அழியாத மை பேனாவில் எழுதி மேலே தெளிவான டேப் ஒட்டினால் மழை வியர்வைக்குத் தாங்கும்; சாதாரண பந்துமுனைப் பேனா எழுத்து சில வாரத்தில் தேய்ந்து, கடைசி நான்கு இலக்கம்கூட மிஞ்சாது.