பரம்பரைக் கடை, சுத்த வெண்ணெய்: பலகையை நம்பி ஏமாறாதீர்கள்

சின்ன ஊர். குடும்பமே நடத்தும் பழைய பேஸ்ட்ரி கடை. வாசலில் பலகை: "சுத்த வெண்ணெய். இன்று காலை செய்தது. எல்லாம் எங்கள் கையால்." அதை நம்பி வாங்கிய பெட்டியில் நான்கு குரோசாண்ட் (பிறை வடிவ அடுக்கு ரொட்டி), இரண்டு பாதாம் குரோசாண்ட், இரண்டு எக்லேர் (உள்ளே கஸ்டர்ட் வைத்த நீளப் பண்டம்), ஒரு க்ரீம் கேக் துண்டு. அறுத்துப் பார்த்தபோது பலகையின் மூன்று வரியும் பொய் என்று தெரிந்தது. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தக் கடையைத் தவிர்த்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் அடுத்த கடையில் போய் நின்றால் என்ன லாபம்?

முதல் அடையாளம் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்தது: இருபதுக்கும் மேற்பட்ட வகைகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுக்கடுக்காகப் பிரியும் பஃப் மாவுக்கு மைதாவைப் பிசைந்து, வெண்ணெய்த் தகட்டை உள்ளே வைத்து மூடி, தேய்த்து மூன்றாக மடிக்க வேண்டும். இப்படி ஆறு முறை. இரண்டு மடிப்புக்கு ஒரு தடவை அரை மணி நேரமாவது குளிரில் ஓய்வு. வெண்ணெய் 13 முதல் 16 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால்தான் மாவோடு சேர்ந்து வளையும். அதற்குக் கீழே போனால் சில்லுச் சில்லாக உடையும், மேலே போனால் மாவுக்குள் ஊறிவிடும். ஆறு மடிப்பில் 729 அடுக்கு. இந்த ஒரு மாவுக்கே அரை நாள் போய்விடும். குரோசாண்ட் மாவு வேறு. அதில் ஈஸ்ட் உண்டு, மூன்று மடிப்பு, பெரும்பாலும் ஒரு ராத்திரி ஓய்வு. இரண்டு மூன்று பேர் உள்ள குடும்பம் நேர்மையாகச் செய்தால் நாளுக்கு ஆறேழு வகை தேறும். அடுக்கு மாவுப் பண்டத்துக்கு ஆயுளும் ஒரு நாள்தான். சின்ன ஊரில் வாங்க வருகிறவர்களும் கொஞ்சம். அப்படியிருக்க இருபது வகை என்றால் உறையவைத்த சரக்கு வெளியிலிருந்து வருகிறது, இல்லையென்றால் நேற்றையது இன்றும் நிற்கிறது. அங்கே இரண்டும் நடந்தன.

குரோசாண்ட் நான்கும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே நீளம், ஒரே பருமன். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது, தேர்ந்த கைக்காரரும் அளவு தப்பாமல் வெட்டுவார். "காலையில் எத்தனை மணிக்கு மாவு தேய்த்தீர்கள்?" என்று கேட்டதும்தான் விஷயம் வெளியே வந்தது: "காலையில் ஓவனில் வைத்தோம்." செய்வது வேறு, ஓவனில் வைப்பது வேறு. உறையவைத்த சரக்கில் நல்லதும் உண்டு, அதை விற்பது குற்றமல்ல. குரோசாண்டுக்குப் பேர்போன பிரான்சிலேயே, பிசைவது முதல் சுடுவதுவரை சொந்தமாகச் செய்தால்தான் 'புலாஞ்சரி' (ரொட்டிக் கடை) என்று பெயர் வைக்கலாம் என்ற 1998ஆம் ஆண்டுச் சட்டம் ரொட்டியைத்தான் கட்டுப்படுத்துகிறது, குரோசாண்டை அல்ல. ஆனால் 'எங்கள் கையால்' என்று எழுதி வைத்துவிட்டு விற்பது ஏமாற்று.

அடுத்தது வெண்ணெய். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகும், அதாவது வாய்ச் சூட்டிலேயே கரைந்துவிடும். வெண்ணெய்க்குப் பதிலாக அடுக்கு மாவுக்கென்று வரும் மார்ஜரின் என்ற மலிவுக் கொழுப்பு சமையலறைச் சூட்டைத் தாங்க வேண்டும் என்பதற்காகவே 40 டிகிரிக்கு மேல் உருகும்படி செய்யப்படுகிறது. அதனால் அது நாக்கில் கரையாது, மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும். பெட்டியில் இருந்ததும் அப்படித்தான் ஒட்டியது. ஒரு கடி கடித்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் குடியுங்கள், அந்தப் படலம் இன்னும் கெட்டியாகும். பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வெண்ணெய் மணம், வாயில் போட்டால் ஒன்றுமே இல்லை என்றால் அது எசன்ஸ். கடையில் "வெண்ணெய் போடுகிறீர்களா?" என்று கேட்காதீர்கள், கால்வாசி போட்டாலும் ஆமாம் என்பார்கள். "வேறு கொழுப்பு ஏதாவது சேர்கிறதா?" என்று கேளுங்கள்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். குரோசாண்டின் உள்ளே தேன்கூடுபோல் துளை இல்லாமல் பன் மாதிரி அடைத்திருந்து, அடிப்பாகம் எண்ணெயில் பொரித்ததுபோல் இருந்தால் அது கலப்படம் அல்ல, கைத்தவறு. மாவைப் பொங்கவைக்கும் இடம் 28 டிகிரியைத் தாண்டிப்போய் வெண்ணெய் உருகி வழிந்திருக்கும். நல்ல வெண்ணெய் போடும் கடைக்கும் இது நேரும்.

பாதாம் குரோசாண்டுக்கு, நேற்றைய குரோசாண்டைப் பாகில் நனைத்து, பாதாம் க்ரீம் வைத்து மறுபடி சுடுவது பழைய முறைதான், தப்பில்லை. அந்த க்ரீமில் வெண்ணெய், சர்க்கரை, முட்டை, பாதாம் பொடி நான்கும் சம எடை. ஒவ்வொன்றும் 100 கிராம் என்று வையுங்கள். பெட்டியில் இருந்ததிலோ பாதாம் எசன்ஸ் வாசனைக்கு அடியில் வேர்க்கடலை. இதைச் சில்லறை மோசடி என்று விட்டுவிட முடியாது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர் பாதாம் என்று நம்பிச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

கேக் மேலிருந்த க்ரீமை ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்தால் போதும். பாலேட்டில் அடித்த க்ரீம் வெதுவெதுப்பான அறையில் சீக்கிரமே தளர்ந்து சரியும். இது இரண்டு மணி நேரம் கழித்தும் முனை மழுங்காமல் நின்றது. தாவரக் கொழுப்பு.

வேர்க்கடலையைத் தவிர மற்றவை பணத்தோடு போகும். எக்லேர் வயிற்றைக் கெடுக்கும். உள்ளே வைக்கும் கஸ்டர்டுக்கு அரை லிட்டர் பால், ஐந்தாறு மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, 45 கிராம் சோள மாவு. கொதி வந்த பிறகும் ஒரு நிமிடமாவது கிளற வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சள் கருவில் உள்ள நொதி மாவுச்சத்தைத் தின்று கஸ்டர்டை நீர்க்கவைக்கும். உடனே அகலத் தட்டில் ஊற்றி ஆறவைத்து 5 டிகிரிக்குக் கீழே வைத்துவிட வேண்டும். பாலும் முட்டையும் ஈரமும் சேர்ந்த இதில் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி வளர்ந்தால் அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, வாசனையும் காட்டிக்கொடுக்காது. அந்தக் கடையில் எக்லேர் இருந்தது குளிர்ப்பெட்டியில் அல்ல, விளக்கு எரியும் சாதாரணக் கண்ணாடிப் பெட்டியில். தோல் தொய்ந்திருந்தது, ஓரத்தில் நீர் பிரிந்திருந்தது. வாங்கும் முன் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இல்லாவிட்டால் க்ரீம், கஸ்டர்ட் எதையும் கேட்காதீர்கள்.

எக்லேரைத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டியதற்குப் பணம் வரவில்லை. வேறு இரண்டு தருகிறோம் என்றார்கள், அதே பெட்டியிலிருந்து.