குன்னூரில் அம்பாசடருக்கு டைமிங் கவர் வேலை: ரூ.18,500 போச்சு, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் உஷார்

ரூ.18,500. டைமிங் கவரை (என்ஜின் முன்பக்கம் டைமிங் செயினை மூடியிருக்கும் தகடு) கழற்றாமலேயே, கழற்றிப் புது பேக்கிங் (ஆயில் கசியாமல் இடையில் வைக்கும் காகிதம்) போட்டு மாட்டியதாகச் சொல்லி என்னிடம் வாங்கிய காசு இது. இன்று மதியம் வேறொரு மெக்கானிக் அதைத் திறந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் அம்பாசடர், பத்மினி, பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கடை பெயர் இப்போதைக்கு வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். குன்னூர் வட்டாரத்தில், பழைய கார்களுக்கு ஸ்பெஷல் என்று போர்டு மாட்டிய ஒரு ஒர்க் ஷாப், அவ்வளவுதான். வாசலில் எப்போதும் ஒரு பழைய பியட் நிற்கும். அது ஓடி நான் பார்த்ததே இல்லை.

வண்டி அப்பா வாங்கியது. மார்க் 3, 1489 சிசி பெட்ரோல் என்ஜின், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரில் வந்த அதே பிஎம்சி பி சீரிஸ். கொஞ்ச நாளாக முன்பக்கம் ஆயில் கசிந்தது. கிராங்க் புல்லி (என்ஜின் முன்னால் பெல்ட்டை ஓட்டும் சக்கரம்) சுற்றும்போது அந்த ஆயிலை வாரி இறைத்து, ரேடியேட்டர் பின்புறம், ஃபேன் பெல்ட் எல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. கீழே கோயம்புத்தூரில் ஓட்டுபவர்களுக்கு இது வெறும் அழுக்கு. மலையில் அப்படி இல்லை. வாட்டர் பம்ப், ஃபேன், டைனமோ மூன்றையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட்தான். அது ஆயில் பட்டு வழுக்கினால் ஏற்றத்தில் தண்ணீர் கொதித்துவிடும்.

இரண்டு பேர் சேம்பர் (என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) பேக்கிங் என்றார்கள். ஒருத்தர் என்ஜினையே இறக்கி ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) பண்ணச் சொன்னார். இந்த ஒர்க் ஷாப் ஆள் அப்படி எதுவும் பேசவில்லை. மண்ணெண்ணெய் போட்டு முன்பக்கத்தைத் துடைத்தார், என்ஜினை ஓட விட்டார், டார்ச் அடித்துக் கீழே படுத்துப் பார்த்தார். "சேம்பர் இல்லைங்க சார். மேல இருந்து இறங்குது பாருங்க. டைமிங் கவர் பேக்கிங் காஞ்சு போச்சு, முன் சீலும் போயிருக்கு" என்றார். (சீல் என்பது புல்லியைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்.) அதோடு விடவில்லை. "கவரை மாட்டி அப்படியே இறுக்கக்கூடாதுங்க. போல்ட்டை லூசா விட்டு, புல்லியைச் செருகி, சீல் நடுவுக்கு வந்தப்புறம்தான் இறுக்கணும். நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுவாங்க" என்று பாடமே எடுத்தார்.

நான் நம்பியது அந்த இடத்தில்தான். அவர் சொன்னது அத்தனையும் சரி. இன்று திறந்து பார்த்த மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார், வேலை செய்யும் முறை உட்பட. வேலை தெரியாத ஆள் கெடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இவருக்கு எல்லாம் தெரியும், செய்யத்தான் இல்லை.

பார்ட்ஸ் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்று ரூ.10,000 அட்வான்ஸ் கேட்டார். ஜீபே பண்ணினேன். வண்டியை எடுக்கப் போனபோது என்ஜின் முன்பக்கம் கறுப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. ஒரு தட்டில் நொறுங்கிய பேக்கிங்கையும் பழைய சீலையும் வைத்து, "இதுதான் சார் உங்க வண்டில இருந்தது, எப்படி ஆகியிருக்கு பாருங்க" என்றார். அந்த ஆயில் சீலை ஒரு உறையில் போட்டுக் கையில் வேறு கொடுத்தார். டீ வந்தது. மீதி ரூ.8,500 ரொக்கமாகக் கொடுத்தேன். பில் கேட்டால், "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் ஜாஸ்தி ஆகும் சார்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பேக்கிங் செட், சீல், ஆயில், ரேடியேட்டர் இறக்கி ஏற்ற, சேம்பர் இறக்கி ஏற்ற, லேபர். மொத்தம் ரூ.18,500.

அந்த சேம்பர் வரியைக் கவனியுங்கள். இந்த என்ஜினில் டைமிங் கவர் கழற்றச் சேம்பரை இறக்க வேண்டிய வேலையே கிடையாது. ரேடியேட்டரை எடுத்து, பெல்ட்டைக் கழற்றி, புல்லி நட்டை விட்டு, புல்லியை உருவினால் கவர் கையில் வந்துவிடும்.

கொஞ்ச நாளிலேயே மறுபடி சொட்ட ஆரம்பித்தது. போன் பண்ணினால், "புது பேக்கிங் உட்கார டைம் எடுக்கும் சார், ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன், நிற்கவில்லை. அடுத்த முறை, "அம்பாசடர்ல ஆயில் ஒழுகலைன்னாதான் சார் பயப்படணும், உள்ள ஆயில் தீர்ந்து போச்சுன்னு அர்த்தம்" என்று சிரித்தார். அந்த ஜோக்கை நானும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் ரூ.18,500 வாங்கிக்கொண்டு சொன்னதில்லை. அப்புறம் சீசன். "மேல வர்ற டாக்ஸி வேலையே தலைக்கு மேல இருக்கு, சீசன் முடியட்டும்." நேரில் போனால் கடைப் பையன், "அண்ணன் ஊட்டி போயிருக்காங்க" என்பான். உள்ளே அண்ணன் குரல் கேட்கும். வாட்ஸப்பில் நான் அனுப்பிய போட்டோக்களுக்கு நீல டிக் மட்டும் வந்தது.

இதற்கு நடுவில் அம்மாவைக் கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது, பர்லியார் தாண்டி ஏறுகையில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானெட்டைத் திறந்தால் பெல்ட் முழுக்க ஆயில், ரேடியேட்டரிலிருந்து ஆவி. பின்னால் பஸ் ஹாரன். கண்ணில் கட்டோடு அம்மா ரோட்டோரம், சுற்றிக் குரங்குகள். என்ஜின் ஆறும்வரை நின்றோம். அப்போதும் அந்த ஆளுக்குத்தான் போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

இன்று கோத்தகிரியில் ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டேன். டாக்ஸி அம்பாசடர்களிலேயே தலை நரைத்தவர். அவர் முதலில் பார்த்தது பிரீதர் குழாயை. அடைத்துப் போயிருந்தது. அது அடைத்தால் என்ஜினுக்குள் காற்று முட்டி, எந்தப் பேக்கிங் போட்டாலும் ஆயிலை வெளியே தள்ளும் என்றார். அப்புறம் ரேடியேட்டரை எடுத்துவிட்டு, புல்லி நட்டுக்குக் கீழே, நட்டு கழலாமல் பிடித்துக்கொள்ளும் லாக் வாஷரைக் காட்டினார். அதன் காது நட்டின் மேல் மடங்கியபடியே இருந்தது, மேலே பல வருஷத்து அழுக்கு இறுகிக் கிடந்தது. "இந்தக் காதை நிமிர்த்தாம நட்டு சுத்தாது. நட்டு கழலாம புல்லி வராது. புல்லி வராம கவர் எப்படித் தம்பி வரும்?" என்றார்.

கவரின் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவரால் கீறினார். கறுப்பு பெயின்ட்டுக்குக் கீழே சிலிக்கான் கம். வெளியே சுற்றித் தடவி, மேலே பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். இரண்டு போல்ட்டை வெறித்தனமாக முறுக்கியதில் கவர் தகடு அந்த இடத்தில் குழிந்துவிட்டது. கழற்றினால் உள்ளே பழைய காகித பேக்கிங் ஒட்டியபடியே இருக்கிறது, சீல் கல்லாகக் கிடக்கிறது. நான் டிக்கியில் பத்திரமாக வைத்திருந்தேனே, 'உங்க வண்டி சீல்', அதை எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அளவே வேறு, ஏதோ டீசல் வண்டியுடையது.

உடனே ஒர்க் ஷாப்புக்குப் போன் பண்ணினேன். ஆச்சரியமாக எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "வேற ஆள் கை வெச்சுட்டீங்கல்ல, இனி நான் பொறுப்பில்லைங்க" என்றார். அதற்கப்புறம் என் நம்பர் பிளாக்.

ரூ.18,500. பேக்கிங்கும் சீலும் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டாது என்கிறார் பெரியவர்.

சரி, சொன்ன விவரங்கள். ரொம்ப நேரம் ஆகிவிட்டது, அவசரமாகவே சொல்கிறேன். வண்டியை விடும் முன் புல்லி நட், லாக் வாஷர், கவர் போல்ட் எல்லாவற்றையும் மொபைலில் வீடியோ எடுங்கள். கவர் கழன்ற நிலையில், உள்ளே செயின் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பாவிட்டால் மீதிக் காசு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டைமிங் கவருக்குச் சேம்பர் இறக்க வேண்டும் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். கவர் ஓரத்தில் பளபள பெயின்ட் இருந்தால் கீறிப் பாருங்கள். ரொக்கம் வேண்டாம், பில் கட்டாயம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியப் போகிறேன். அப்படியும் பதில் வராவிட்டால் ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போக வேண்டும். துண்டுச் சீட்டு, ஜீபே ரசீது, அந்த டீசல் வண்டி சீல் மூன்றும் என்னிடம் இருக்கின்றன.

சீல் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்றும் எழுத நினைத்தேன், இப்போது முடியாது. வண்டி கோத்தகிரியில் திறந்து கிடக்கிறது, காலையில் முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் போய்ப் பார்ட்ஸ் வாங்க வேண்டும். அங்கே அம்பாசடர் பார்ட்ஸ் ஒழுங்காகக் கொடுக்கிற கடை யாருக்காவது தெரிந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.