திருநெல்வேலியில் ஒரு ஃபைபர் இணைப்பு: வேகம் நன்று, ஒப்பந்தம் கவலை தருகிறது

மேல்மாடி அறைகளைப் பல்கலைக்கழக மாணவருக்கு வாடகைக்கு விட்டிருக்கும் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வீட்டுக்குச் சென்ற ஆண்டு ஃபைபர் இணைப்பு எடுத்தோம். வேகத்தைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. மாலையில் எல்லா அறைகளிலும் பயன்பாடு கூடும்போதும் காணொளி வகுப்புகள் தடங்கலின்றி ஓடுகின்றன; கட்டணமும் சொன்னபடியே வருகிறது.

என் கவலை ஒப்பந்தப் படிவத்தைப் பற்றியது. இணைப்பு என் பெயரிலும் என் தேசிய அடையாள அட்டை இலக்கத்திலும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்துவோர் மாணவர்களும் அவர்களுடைய நண்பர்களும், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கும் உறவினர்களுமே. படிவத்தின் பின்பக்கத்தில், இணைப்பினூடாக நடைபெறும் எல்லாவற்றுக்கும் சந்தாதாரரே பொறுப்பு என்றும், பதிப்புரிமை மீறப்பட்டதாக முறைப்பாடு கிடைத்தால் முன்னறிவித்தல் இன்றியே சேவையை நிறுத்தலாம் என்றும் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அழைத்து, முறைப்பாட்டின் பிரதியை எனக்குக் காட்டுவீர்களா, பதில் சொல்ல அவகாசம் தருவீர்களா என்று கேட்டேன். "அப்படியொரு நடைமுறை எங்களிடம் இல்லை, ஐயா" என்றார் பேசிய பிள்ளை. மரியாதையான பதில்தான், என்றாலும் இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

ஏனென்றால், இவ்வகை முறைப்பாடு ஆளைக் கண்டு எழுதப்படுவதில்லை. பதிப்புரிமையாளரின் சார்பில் இயங்கும் நிறுவனங்கள், பயன்படுத்துவோரே கோப்புகளைத் துண்டு துண்டாகத் தமக்குள் பகிரும் டொரண்ட் வலையமைப்புக்குள் தாமும் இணைந்து, ஒரு திரைப்படத்தின் துண்டுகளைப் பகிரும் ஐபி முகவரிகளையும் (இணைப்பை இணையத்தில் அடையாளம் காட்டும் எண்கள்) நேரத்தையும் குறித்துக்கொள்கின்றன. அந்த முகவரி அந்த நேரத்தில் எந்தக் கணக்குக்குரியது என்பதைச் சேவை வழங்குநரின் பதிவேடு சொல்லும். வீட்டுக்குள் எந்த அறையில் எந்தக் கணினி என்பதை அது சொல்லாது. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்தளிக்கும் வலையமைப்புகளில், துல்லியமான நேரமும், ஒரே முகவரிக்குள் தொடர்புகளைப் பிரித்துக் காட்டும் போர்ட் இலக்கமும் இல்லாவிட்டால் சரியான வீட்டைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

இதனாலேயே பல நாடுகளின் சட்டங்கள் கணக்கு உரிமையாளரை எங்கே நிறுத்துவது என்று தடுமாறியிருக்கின்றன. நியூசிலாந்தில் 2011 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் மூன்று அறிவித்தல்களை வகுத்தது. அவற்றுக்குப் பிறகு பதிப்புரிமைத் தீர்ப்பாயம் கணக்கு உரிமையாளருக்கு 15,000 நியூசிலாந்து டொலர் வரை செலுத்தும்படி உத்தரவிடலாம். பதிவிறக்கியவர் வீட்டில் வேறொருவர் என்றாலும் கடிதம் பெயருக்குரியவருக்கே போகும். பிரான்ஸில் 2009இல் கொண்டுவந்த சட்டத்தின்படி ஒரு நிர்வாக அமைப்பே இணைப்பைத் துண்டிக்க முடியும் என்றிருந்ததை, அந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது என்று அரசியலமைப்புப் பேரவை அதே ஆண்டில் நீக்கியது. இணைப்பைப் பாதுகாக்கத் தவறியமைக்காக நீதிமன்றம் அதைத் துண்டிக்க உத்தரவிடும் தண்டனையும் 2013இல் கைவிடப்பட்டது. ஜேர்மனியில் வழக்கறிஞர் கடிதமும் பணக் கோரிக்கையும் எங்கள் உறவினர் பலருக்குத் தெரிந்த விடயம். வைஃபையைப் பூட்டாமல் விட்டவரும் பதில் சொல்ல வேண்டும் என்று 2010இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றுள் நான் நியாயமாகக் கருதுவது கனடாவின் முறைதான். 2015 ஜனவரி முதல் அங்குள்ள வழங்குநர் பதிப்புரிமையாளரின் அறிவித்தலைச் சந்தாதாரருக்கு அப்படியே அனுப்பிவைக்க வேண்டும். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பெயரைக் கொடுப்பதில்லை. அறிவித்தலுக்குள் பணம் கேட்கும் வாசகங்களைச் சேர்ப்பதும் 2018 டிசம்பரில் தடைசெய்யப்பட்டது. கடிதம் கிடைத்ததும் வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், கடவுச்சொல்லை மாற்றலாம். தவறு செய்யாதவருக்கு அந்த அவகாசம் மிகவும் அவசியம்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் இத்தகைய அறிவித்தல் படிமுறை எதுவும் எழுதப்படவில்லை. குற்றமாவதற்கு வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்கிறது. நியாயமான பயன்பாட்டுக்கும் இடம் தருகிறது. ஆகவே சட்டம் சந்தாதாரரைக் குற்றவாளியாக எடுத்த எடுப்பில் கருதவில்லை, என் கையிலுள்ள ஒப்பந்தம் கருதுகிறது. வழங்குநர் விரும்பினால் நாளைக்கே கனடாவின் நடைமுறையைத் தன் படிவத்தில் எழுதிக்கொள்ளலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை.

ரவுட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொருத்த வந்த தம்பி வைஃபைக் கடவுச்சொல்லாக என் கைபேசி இலக்கத்தையே போட்டுவிட்டு, நிர்வாகக் கடவுச்சொல்லை அடிப்பக்கத்து ஒட்டியில் அச்சிட்டிருந்தபடியே விட்டுப் போனார். என் இலக்கம் வாசல் கேற்றில் "அறைகள் வாடகைக்கு" என்ற பலகையிலேயே இருக்கிறது. இரண்டையும் அன்றிரவே மாற்றினேன். மாணவருக்கென விருந்தினர் வலையமைப்பைத் தனிக் கடவுச்சொல்லுடன் திறக்கும் வசதி அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. எளிதில் இயக்கலாம், நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் இரண்டு வலையமைப்புகளும் வெளியே ஒரே முகவரியில்தான் போகின்றன. ரவுட்டரின் பதிவேடும் மின்சாரம் நின்றதும் அழிந்துவிடுகிறது. எனவே வீட்டுக்குள் ஒழுங்கு வந்ததே தவிர, முறைப்பாடு வந்தால் காட்டுவதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. மாணவரிடம் அறை ஒப்பந்தத்திலேயே இணையப் பயன்பாடு பற்றி ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்கத் தொடங்கியிருக்கிறேன். நல்ல பிள்ளைகள், மறுப்பின்றிப் போட்டார்கள்.

முறைப்பாட்டின் பிரதி, பதிலளிக்க இரண்டு வார அவகாசம், துண்டிப்பதற்கு முன் எழுத்து மூல அறிவித்தல் ஆகிய மூன்றையும் கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் இதுவரை இல்லை. குடும்பத்தவர் மட்டும் பயன்படுத்தும் வீடாக இருந்தால் இந்த இணைப்பைத் தயங்காமல் எடுக்கலாம். அறை வாடகைக்கு விடுவோர், ரியூசன் நடத்துவோர், விருந்தினர் விடுதி வைத்திருப்போர் கையொப்பமிடுவதற்கு முன் இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் வேறு வழங்குநரின் படிவத்தையும் வாங்கி வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.