பவர் ஸ்டியரிங்கில காத்து எடுக்கிறதெண்டா கோண்டாவில் ஒழுங்கைக் கராஜுக்குப் போங்கோ

எங்கட வீட்டுக் கார் ரொயோட்டா கொரொல்லா 110. போன மாதம் ஸ்டியரிங் ஒயில் போற ஹோஸ் வெடிச்சு ஒயில் முழுக்க ஊத்துப்பட்டுட்டுது. யாழ்ப்பாண ரவுணுக்க ஒரு கராஜில (பேர் சொல்ல விருப்பமில்லை) குடுத்தன், புது ஹோஸ் போட்டு ஒயிலை விட்டு உடனயே ஸ்டார்ட் பண்ணி ஸ்டியரிங்கை ரெண்டு தரம் வெட்டிப் பாத்திட்டு சரியெண்டு திறப்பைத் தந்திட்டினம். தட்டாதெருச் சந்தி வாறதுக்குள்ளயே சத்தம் துவங்கீட்டுது, மாடு முனகிற மாதிரி, வெட்டேக்க ஒருக்கா லேசா வரும் ஒருக்கா கல்லு மாதிரி இறுகும். திரும்பக் கொண்டு போய்க் காட்ட, ஓட ஓட தானாச் சரிவரும் எண்டு அனுப்பிப் போட்டினம். மூண்டு நாள் ஓடியும் சரிவரேல்லை. அம்மாவை கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போற கார், எனக்கு சரியான பயமாப் போச்சு.

பேந்து மச்சான் தான் இந்தக் கராஜைச் சொன்னவன். பலாலி வீதியில இருந்து கோண்டாவில் பக்கம் உள்ளுக்குப் போற ஒழுங்கை, போர்ட் ஒண்டும் இல்லை, வேப்பமரத்துக்குக் கீழ தகரக் கொட்டில், ஒரு ஐயாவும் அவற்ற மகனும் தான். நான் கதை சொல்லி முடிக்கமுதல் ஐயா பொனட்டைத் திறந்து ஒயில் ராங் மூடியைக் கழட்டி ரோர்ச் அடிச்சுக் காட்டினார். சிவப்பா தெளிவா நிக்க வேண்டிய ஒயில் ரோஸ் நிறத்தில பால் மாதிரி நுரைச்சுப் போய்க் கிடந்தது. "ஒயிலை அமத்தேலாது தம்பி, காத்தை அமத்தலாம். நடுவில காத்து நிண்டா பம்பு தள்ளுற தள்ளு சில்லுக்கு வராது" எண்டார். எனக்கு அந்த ஒரு வசனத்தில விசயம் முழுக்க விளங்கீட்டுது.

உடன காத்து எடுக்கத் துவங்கேல்லை, அது தான் எனக்கு ஆளில நம்பிக்கை வந்த இடம். முதல்ல ராங்கில இருந்து பம்புக்குப் போற ஹோஸை துணியால துடைச்சு விரலால தடவிப் பாத்தார், கிளிப் சரியா இறுகாமல் நுனியில நிண்டது. அந்தப் பக்கம் பம்பு இழுக்கிற பக்கம் எண்டதால ஒயில் வெளிய ஒழுகாமலே காத்து மட்டும் உள்ள போகுமாம், நிலத்தில ஒரு சொட்டும் இல்லையெண்டு நாங்கள் லீக் இல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பம். புதுக் கிளிப் போட்டு இறுக்கினார்.

அதுக்குப் பிறகு முன் சில்லு ரெண்டையும் ஜக்கில தூக்கி ஸ்டாண்ட் வச்சு, எஞ்சின் ஓஃப்பிலயே என்னை உள்ள இருத்தி "மெல்ல வெட்டு... காணும்... மற்றப் பக்கம்" எண்டு சொல்லிக்கொண்டே அவர் ராங்குக்கு மேல குனிஞ்சு நிண்டார். எஞ்சினை ஓடவிட்டா பம்பு காத்தையும் ஒயிலையும் சேத்து அடிச்சு நுரையாக்கிப் போடும், நுரையாப் போனா கெதியில வெளிய வராது, அதால தான் ஓஃப்பில செய்யிறது. இந்த நுனியில இருந்து அந்த நுனிக்கு 20 தரத்துக்கு மேல வெட்டியிருப்பன், கை நொந்து போச்சு. ஒவ்வொரு தரமும் குமிழ் குமிழா மேல வந்து வெடிக்கும், ஒயில் இறங்கும், மகன் திரும்ப விடுவார், மூண்டு தரம் விட்டது. குமிழ் நிண்டாப் பிறகு தான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், அதுவும் அக்சிலேட்டர் மிதிக்காமல். நுனிக்கு வெட்டினா ரெண்டு மூண்டு செக்கனுக்கு மேல பிடிக்கக் கூடாது, பிரஷர் ஏறி ஒயில் சுட்டு பம்புக்குத் தான் கேடு.

எஞ்சின் ஓடேக்க ஒயில் மட்டத்தைப் பாத்திட்டு ஓஃப் பண்ணி திரும்பப் பாக்கோணும், 5 மில்லிமீற்றருக்கு மேல ஏறினா உள்ளுக்க இன்னும் காத்து நிக்குது. முதல் தரம் ஏறிச்சுது தான். விட்டிட்டு அரை மணித்தியாலம் ஆறவிட்டு திரும்ப முதல்ல இருந்து செய்தார், அவசரப்படவே இல்லை. ரெண்டாந்தரம் மட்டம் அசையேல்லை, சத்தமும் இல்லை, அம்மாவே ஒரு கையால வெட்டலாம் போல இருக்கு.

கூலி 3500 ரூபா, ஒயில் காசு வேற. எந்த ஒயில் எண்டு மூடியில எழுதியிருக்கிறதை வாசிச்சு காட்டித்தான் விட்டவர், எங்கடதுக்கு டெக்ஸ்ரோன் எண்ட ஒட்டோ கியர் ஒயில், ஹொண்டா கார் எண்டா அவையின்ர ஒயில் தான் விடோணுமாம். குறையெண்டா இருக்க ஒரு கதிரை கூட இல்லை, பில்லும் துண்டில எழுதித்தான் தருவினம், போன் எடுத்தா ஐயா தூக்கவே மாட்டார். அக்குவா, வகன் ஆர் வச்சிருக்கிறாக்களுக்கு இந்த வேலையே இல்லை, அதுகள் கரண்ட் ஸ்டியரிங், ஒயில் கிடையாது. மற்றாக்கள் காலமை எட்டு மணிக்கு முதல் போய் நில்லுங்கோ, ஒரு நாளைக்கு ரெண்டு கார் தான் எடுக்கிறவர், ஞாயிறு பூட்டு.